ஏழு தோல்விகளும் ஓர் ஊர்ப் பெயரும்

2023 ஜூன், ஜூலை மாதங்களில் நடந்த தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டிஎன்பிஎல்) ‘பால்சி திருச்சி’ அணி ஏழு ஆட்டம் ஆடி ஏழிலும் தோற்றது. எட்டு அணிகளில் எட்டாவது இடம். புள்ளி பூஜ்யம். ஓர் ஊரின் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு போன அணி இப்படித் திரும்பினால் அந்த ஊரில் ஏதாவது நடந்திருக்க வேண்டும். கேப்டனை மாற்று என்று சத்தம் கிளம்பியிருக்க வேண்டும், ஏலத்தில் ஆள் எடுத்தவர்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்க வேண்டும். திருச்சியில் ஒன்றும் நடக்கவில்லை. ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதியில் நான் மாலையில் போய் உட்காரும் டீக்கடையில் அந்த ஆட்டங்கள் யாராவது ஒருவரின் செல்போனில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஏழாவது ஆட்டமும் போன அன்று, பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “ஏழுமா?” பக்கத்திலிருந்த கல்லூரிப் பையன் “ஏழும்தான் சார்” என்றான். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. பேச்சு, கொள்ளிடத்தில் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்பதற்குப் போய்விட்டது.

தோல்வி எனக்குப் பெரிதாகப் படவில்லை. யாருக்கும் கோபம் வராததுதான் உறுத்தியது. அந்தக் கடை பெஞ்சில் உட்கார்கிறவர்கள் கிரிக்கெட்டில் கோபப்படத் தெரியாதவர்கள் அல்லர்.

அதே பெஞ்சில் 2024 மார்ச்சில் வேறொரு தோல்வி பேசப்பட்டது. ரஞ்சிக் கோப்பை அரையிறுதி, மும்பை பாந்த்ரா-குர்லா வளாக மைதானம். டாஸ் வென்ற தமிழ்நாடு கேப்டன் சாய் கிஷோர் பேட்டிங் எடுத்தார். தமிழ்நாடு 146 ரன்னில் சுருண்டது. பதிலுக்கு ஆடிய மும்பை 106 ரன்னுக்கு 7 விக்கெட் என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது ஷர்துல் தாக்கூர் இறங்கி 109 அடித்தார். மும்பை 378. தமிழ்நாடு இரண்டாவது இன்னிங்ஸில் 162. ஐந்து நாள் ஆட்டம் மூன்றாம் நாளில் முடிந்தது. இன்னிங்ஸும் 70 ரன்னும் வித்தியாசம். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டாஸில் எடுத்த முடிவே தவறு, ஆட்டம் முதல் நாள் காலையிலேயே கைவிட்டுப் போய்விட்டது என்று பயிற்சியாளர் சுலக்‌ஷன் குல்கர்னி பத்திரிகையாளர்களிடமே சொல்லிவிட்டார். ஏழு வருஷம் கழித்து அணியை அரையிறுதி வரை கொண்டுவந்த கேப்டனுக்குத் துணை நிற்காமல் இப்படிப் பேசலாமா என்று தினேஷ் கார்த்திக் பகிரங்கமாக எதிர்த்தார்.

அன்று பெஞ்சில் இரண்டு கட்சி. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தம்பி பயிற்சியாளர் பக்கம். “அந்த பிட்ச்ல மொதல்ல பந்து போட்டிருந்தா மும்பையும் நூத்தம்பதுக்குள்ள போயிருப்பான் சார்.” பெரியவர் விடவில்லை. “நூத்தி ஆறுக்கு ஏழு எடுத்தாச்சுல்ல தம்பி? அதுக்கப்புறம் ஷர்துலை ஆடவிட்டது யாரு, டாஸா?” தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, மும்பைக்கு ஏழாம் நம்பருக்குக் கீழேயும் சதம் அடிக்கிற ஆள் இருக்கிறான், நமக்கு அந்த இடத்தில் யார் என்று கேட்டார். அங்கிருந்து பிரதோஷ் ரஞ்சன் பாலை எந்த இடத்தில் இறக்க வேண்டும், இந்திரஜித் தொடைத் தசைப்பிடிப்பு இல்லாமல் எத்தனை ஆட்டம் தாங்குவார், சாய் சுதர்சனை இந்திய அணி கேட்டுக்கொண்டால் மூன்றாம் நம்பருக்கு வேறு யார் என்று கடை சாத்தும் வரை போயிற்று. கடைக்காரர் பாய்லரை அணைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

நான் பெரியவர் கட்சி. அந்த சீசனில் நாட்டிலேயே அதிக விக்கெட் எடுத்தவர் சாய் கிஷோர், 53. அந்த அரையிறுதியிலும் ஆறு விக்கெட் எடுத்தவர் அவர்தான். டாஸ் முடிவு தவறாகவே இருக்கட்டும். கேப்டனின் தவறைப் பயிற்சியாளர் பேச வேண்டிய இடம் உடைமாற்றும் அறை. ரசிகன் தெருவில் நின்று கத்தலாம், அவனுக்கு அந்த உரிமை உண்டு. அணிக்குள் இருப்பவருக்கு அது கிடையாது. இதை எழுதும்போதும் எனக்குக் குரல் உயர்கிறது. ஆனால் திருச்சியின் ஏழு தோல்விகளைப் பற்றி எழுத வந்தால் புள்ளிவிவரம்தான் வருகிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ரஞ்சி அணியின் மேல் நமக்கு வருகிற கோபம் ஒரு நாளில் சேர்ந்ததல்ல. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் நடந்ததுதான். ஒரே நாளில் முடிந்த அந்த ஆட்டத்தில் ஏ.ஜி. ராம் சிங் 11 விக்கெட் எடுத்தார். 1955-இல் பாலு அளகண்ணன் தலைமையில் இந்தூரில் ஹோல்கரை 46 ரன்னில் வென்று முதல் கோப்பை வந்தது. பிறகு 1973. அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது பழைய ரசிகர்களின் குரல் இன்றும் மாறும். சேப்பாக்கத்தில் பம்பாயை 151-க்கும் 113-க்கும் சுருட்டினோம். வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் இருக்கும் அணிக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் அதே களத்தில் பத்மாகர் சிவால்கர் 16 ரன்னுக்கு 8, 18 ரன்னுக்கு 5 என்று எடுத்தார். நாம் 80, 61. மூன்றாம் நாளின் முதல் பந்தோடு ஆட்டம் முடிந்தது. நம் சுழலுக்காகப் போட்ட களம் அவருக்கு உதவியது என்று சொல்லிச் சொல்லித்தான் ஒரு தலைமுறை வளர்ந்தது.

இரண்டாவது கோப்பை 1988-இல். எஸ். வாசுதேவன் கேப்டன், டபிள்யூ.வி. ராமன், ராபின் சிங், லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன் எல்லாம் இருந்த அணி. சேப்பாக்கத்தில் ரயில்வேயை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்றது. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இந்த வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்வது சுலபம்: 236 அடி ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் ஆனது 1987 மார்ச் 25, கோபுரம் நின்ற அடுத்த வருஷம் கப்பு. பெரியவருக்கு மட்டும் அதில் ஒரு தர்மசங்கடம். தோற்றது அவருடைய இலாகா. பணிமனையில் அன்று ரேடியோவைச் சுற்றி நின்றவர்கள் ரயில்வே ஊழியர்களாகச் சோகப்படுவதா தமிழ்நாட்டுக்காரர்களாகச் சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். “அப்புறம் யாரோ ஒருத்தன் கைதட்டினான், எல்லாரும் தட்டிட்டோம்” என்றார். அவர் காலத்து ரசிகர்களுக்குத் தமிழில் கிரிக்கெட் பார்க்கக் கற்றுக்கொடுத்தது வானொலிதான். அப்துல் ஜப்பாரும் கூத்தபிரானும் பந்து எங்கே விழுந்தது, எப்படித் திரும்பியது என்று சொன்னதை வைத்து, சேப்பாக்கத்தையே பார்க்காதவர்கள் அதன் பெவிலியன் முனையைக் கண்ணால் கண்டதுபோலப் பேசுவார்கள்.

1988-க்குப் பிறகு கோப்பை வரவில்லை. இறுதிவரை போய்த் திரும்பியது பல முறை. 2012-இல் சேப்பாக்கத்தில் ராஜஸ்தான். 2015-இல் வாங்கடேயில் கர்நாடகம். கருண் நாயர் 328 அடித்து நம் பந்துவீச்சாளர்களை இரண்டு நாள் வெயிலில் நிறுத்தினார். பத்து வருஷம் கழித்து, 2025 பிப்ரவரியில், நாக்பூர் காலிறுதியில் அவரே விதர்பாவுக்காக 122 அடித்தார். 401 எடுக்க வேண்டிய நாம் 202. அந்த வருஷம் அக்டோபரில் கோவையிலேயே ஜார்க்கண்டிடம் முதல் இன்னிங்ஸில் 93-க்கு ஆல் அவுட்டாகி, இன்னிங்ஸ் தோல்வி.

இதில் வேடிக்கை என்று சொல்ல மனம் வராத ஒரு விஷயம் உண்டு. வெள்ளைப் பந்தில் இதே தமிழ்நாடு அசுர அணி. விஜய் ஹசாரே கோப்பை ஐந்து முறை. சையது முஷ்டாக் அலி கோப்பை மூன்று முறை. 2021 நவம்பரில் டெல்லியில் கர்நாடகத்துக்கு எதிராக ஷாருக் கான் கடைசிப் பந்தை சிக்ஸருக்குத் தூக்கியதைத் தமிழ்நாட்டில் மறந்தவர் யார்? 2022-இல் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக ஜெகதீசன் ஒரு நாள் ஆட்டத்தில் 277 அடித்தார், அணி 506. இருபது ஓவரில், ஐம்பது ஓவரில் மிரட்டுகிற பையன்கள் நான்கு நாள் ஆட்டத்தில் ஏன் உதிர்கிறார்கள்? கல்லூரிப் பையன் சொல்வது: டிஎன்பிஎல் வந்த பிறகு எல்லோருக்கும் சிக்ஸர் தெரியும், ஒரு செஷன் முழுக்கப் பந்தை விடத் தெரியாது. பெரியவர் ஒத்துக்கொள்வதில்லை. “1988-லேருந்து 2016 வரைக்கும் டிஎன்பிஎல் இல்லையே தம்பி, அப்ப மட்டும் ஜெயிச்சமா?” அவர் குறை வேகப்பந்தில். வெளியூர் போனால் காலையில் விக்கெட் எடுக்கிற வேகப்பந்து ஜோடி தமிழ்நாட்டுக்கு நிலையாக அமைந்ததே இல்லை என்பார். எனக்கு அவர் சொல்வதுதான் சரி என்று படுகிறது. சுழலை நம்பி வளர்ந்த மாநிலம் நாம். வெங்கட்ராகவன் ரஞ்சியில் மட்டும் 530 விக்கெட் எடுத்தவர். நாக் அவுட் சுற்று வெளியூர்க் களத்தில் விழுந்தால் அந்தப் பலம் பாதியாகிவிடுகிறது.

பாருங்கள், திருச்சி அணியைப் பற்றி எழுத உட்கார்ந்து எங்கே வந்துவிட்டேன். பெஞ்சிலும் இப்படித்தான். திருச்சியைப் பற்றி ஆரம்பித்தால் தமிழ்நாட்டில் போய் முடியும்.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. ஓர் அணி நம்முடையதாவதற்கு அது நம்மை நிறைய முறை தோற்கடித்திருக்க வேண்டும், அதே பெயரில். தமிழ்நாட்டு அணிக்கு அப்படி ஒரு தொடர்ச்சி உண்டு. டிஎன்பிஎல் அணிகளுக்கு அது அமையவில்லை. 2016-இல் தொடர் தொடங்கியபோது திருச்சி என்ற பெயரே அதில் இல்லை. ‘ரூபி காஞ்சி வாரியர்ஸ்’ என்று இருந்த அணி 2018-இல் ‘ரூபி திருச்சி வாரியர்ஸ்’ ஆனது. அதே வருஷம் திருவள்ளூர் வீரன்ஸ் காஞ்சி வீரன்ஸ் ஆனது. 2023-இல் நம் அணி ‘பால்சி திருச்சி’. 2024-இல் ‘திருச்சி கிராண்ட் சோழாஸ்’. காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆயிற்று. தூத்துக்குடி சேலமாயிற்று. ஒரே பஸ்ஸுக்குப் பெயர்ப் பலகையை மட்டும் திருப்பிவிட்டு வேறு ஊருக்கு அனுப்புவதைப் போலத்தான் இது. 2016-இல் முதல் கோப்பையை வென்றது தூத்துக்குடி. அந்தக் கோப்பை இன்று எந்த ஊருடையது? தூத்துக்குடியில் அதற்காகப் பட்டாசு வெடித்தவனிடம் யார் போய் என்ன சொல்வது?

முதலீட்டாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பணம் போடுகிறவர்கள் மாறுகிறார்கள், அவர்களோடு பெயரும் மாறுகிறது. காஞ்சி வீரன்ஸை நடத்திய வி.பி. சந்திரசேகர் போன்றவர்கள் கிரிக்கெட்டின் மேல் இருந்த பிரியத்தால் பணம் போட்டவர்கள். 1988-இல் இரானி கோப்பையில் 56 பந்தில் சதம் அடித்த அதே வி.பி. தன் பெயரின் எழுத்துகளையே அணிக்கு முன்னால் வைத்தார். அவரைப் பற்றி எனக்கு மரியாதையைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஆனால் ஊர்ப் பெயரை எடுத்துக்கொள்ளும்போது ஊருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஊரும் அணியும் பிரியாமல் இருக்கிற இடமும் உலகில் உண்டு. அயர்லாந்தில் கேலிக் கால்பந்து என்று ஓர் ஆட்டம். கையாலும் காலாலும் ஆடுவது. 1884-இல் தொடங்கிய சங்கம் ஒன்று அதை நடத்துகிறது. அங்கே மாவட்ட அணிக்கு ஆடுகிறவனுக்குச் சம்பளம் கிடையாது. பள்ளி ஆசிரியர், போலீஸ்காரர், விவசாயி, எல்லோரும் வேலை முடிந்து மாலையில் பயிற்சிக்கு வருவார்கள். பிறந்து வளர்ந்த ஊரின் கிளப்புக்கு ஆடுவான், அந்த கிளப் இருக்கிற மாவட்டத்துக்கு ஆடுவான். ஏலத்தில் யாரும் அவனைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இறுதி ஆட்டத்தன்று டப்ளினில் உள்ள க்ரோக் பார்க் மைதானத்தில் 82,000 பேர் உட்காருவார்கள். மேற்குக் கரையில் மேயோ என்ற மாவட்டம். அவர்கள் கடைசியாகக் கோப்பை வென்றது 1951-இல். 1989-இலிருந்து 2021 வரை பதினொரு இறுதிப் போட்டிகளில் தோற்றிருக்கிறார்கள். 1951-இல் கோப்பையோடு ஊர் திரும்பிய வீரர்கள் வழியில் ஒரு சவ ஊர்வலத்துக்கு மரியாதை செய்யாமல் வந்துவிட்டார்கள், பாதிரியார் சபித்துவிட்டார், அந்த அணியில் கடைசி ஆள் உயிரோடு இருக்கும்வரை கோப்பை வராது என்று ஒரு கதையும் உண்டு. அந்தக் கடைசி ஆள் பேடி பிரெண்டர்காஸ்ட் 2021 செப்டம்பரில் இறந்தார். மேயோ இன்னோர் இறுதிப் போட்டியில் தோற்றுப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது.

சாபக் கதையை நான் நம்பவில்லை. மேயோக்காரர்களில் பெரும்பாலோரும் நம்பமாட்டார்கள். ஆனால் அப்படி ஒரு கதையைக் கட்டிக் காப்பாற்றும் அளவுக்கு அந்தத் தோல்வி அவர்களுடையதாக இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் இந்த வருஷம் நம் பின்வரிசை எப்படி, புதுப் பையன்கள் யார், மேலாளர் தாங்குவாரா என்று குளிர்காலம் முழுக்கப் பேசுகிறார்கள். பேச ஆள் தெரிந்திருக்கிறது. கோல் காப்பவன் தன் பிள்ளைக்குக் கணக்கு வாத்தியாராக இருக்கலாம், ஃப்ரீ கிக் அடிப்பவன் பக்கத்துப் பண்ணைக்காரன் மகனாக இருக்கலாம். தெரிந்தவன் மேல்தான் கோபப்பட முடியும்.

திருச்சிக்குத் தெரிந்தவர்கள் இல்லையா? நிறைய இருக்கிறார்கள், தடகளத்தில். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் 4x400 ஓட்ட அணிகளுக்கு ஆரோக்கிய ராஜீவ், சுபா வெங்கடேசன், தனலட்சுமி என்று திருச்சி மாவட்டத்திலிருந்து மூன்று பேர் போனார்கள். அந்த நாட்களில் டீக்கடைப் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். தனலட்சுமியின் ஊர் குண்டூர், என் சித்தப்பா பையன் அங்கேதான் வாடகைக்கு இருக்கிறான் என்று ஒருவர். லால்குடிப் பக்கத்து ஆள் ராணுவத்தில் சேர்ந்து ஓடுகிறார் என்று இன்னொருவர். நானூறு மீட்டருக்கு எத்தனை விநாடி நல்ல நேரம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனாலும் கவலைப்பட்டார்கள். அண்ணா விளையாட்டரங்கத்துப் பக்கம் காலையில் நடக்கப் போகிறவர்கள் ஓடுகிற பிள்ளைகளைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அது போதுமானதாக இருந்தது.

கிரிக்கெட்டிலும் ஸ்ரீரங்கத்துக்கு அந்த உறவு முன்பு இருந்தது. எழுத்தாளர் சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளில் ‘பேப்பரில் பேர்’ என்று ஒன்று. தெரு கிரிக்கெட் அணி, ஆட்டம், அச்சில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஏக்கம். செயின்ட் ஜோசப் கல்லூரிக்கு ரயிலிலும் சைக்கிளிலும் போய்ப் படித்த தலைமுறை அது. அந்தப் பையன்களுக்குத் தெருதான் அணி. எதிர்த் தெருவிடம் தோற்றால் ஒரு வாரம் அந்தத் தெரு வழியாகப் போகமாட்டார்கள்.

இப்போது உத்தர வீதியில் டென்னிஸ் பந்தில் ஆடும் பையன்களில் ஒருவன் நன்றாகப் பந்து போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் மாவட்ட வயதுப்பிரிவு அணிக்கு ஆடலாம். அதற்குமேல் போக வேண்டுமென்றால் சென்னை லீக்கில் ஏதாவது ஒரு கிளப் அவனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே தங்க வேண்டும், சாப்பிட வேண்டும், படிப்பையோ வேலையையோ பார்த்துக்கொள்ள வேண்டும். சேலத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் அப்படித்தான் போனார். சென்னையில் நான்காம் டிவிஷனில் ஆரம்பித்து, டிஎன்பிஎல்லில் திண்டுக்கல்லுக்கு யார்க்கர் போட்டு, 2017-இல் ஐபிஎல், 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட். டிஎன்பிஎல்லை முழுதாகத் தள்ளிவிட முடியாது என்று நான் சொல்வதற்குக் காரணம் அவர்தான். அந்தத் தொடர் இல்லையென்றால் அவர் பந்தை யார் பார்த்திருப்பார்கள்? அவர் சும்மா இருந்துவிடவில்லை. சின்னப்பம்பட்டியிலேயே ஒரு மைதானம் கட்டினார். 2023 ஜூனில் திறந்தார்கள், திருச்சி அணி ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றுக்கொண்டிருந்த அதே மாதம். ஒரு கிராமத்தில் தனி ஆள் கட்டிய மைதானம் இருக்கிறது. சேலம் வாழப்பாடியில் 2020-இல் ஒன்று வந்துவிட்டது. நத்தத்தில் கல்லூரி மைதானம், திருநெல்வேலியில் சங்கர் நகர், கோவையில் கல்லூரி மைதானம் என்று டிஎன்பிஎல் ஆட்டங்கள் நடக்கின்றன. தமிழ்நாட்டின் நட்டநடுவில், நான்கு பக்கமும் ரயிலும் பஸ்ஸும் விமானமும் உள்ள திருச்சியில் ஒன்றுகூட நடந்ததில்லை. 2021-இல் ரூபி திருச்சி வாரியர்ஸ் இறுதிவரை போனது. ராகில் ஷா கேப்டன். சேப்பாக் சூப்பர் கில்லீஸிடம் எட்டே ரன்னில் கோப்பை போயிற்று. கொரோனா காலம் என்பதால் ஆட்டம் எல்லாம் சேப்பாக்கத்தில், ஆளில்லாத இருக்கைகளுக்கு முன்னால். நம் ஊர் அணி கோப்பைக்கு அவ்வளவு பக்கத்தில் போனதைத் திருச்சிக்காரன் ஒருவன்கூட நேரில் பார்க்கவில்லை.

2025-இல் கொஞ்சம் மாறியது. சுரேஷ் குமார் தலைமையில் கிராண்ட் சோழாஸ் முதல் நான்குக்குள் வந்தது. ஜூலை 2, எலிமினேட்டர், எதிரே திண்டுக்கல் டிராகன்ஸ், இடம் நத்தம். அதாவது திண்டுக்கல்லின் சொந்த மைதானம். கல்லூரிப் பையனும் அவன் நண்பர்களும் கிளம்பிவிட்டார்கள். மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து மதுரை பஸ்ஸில் துவரங்குறிச்சி, அங்கிருந்து வேறு பஸ் மாறி நத்தம். போவது சுலபம். இரவு ஆட்டம் முடியும்போது ஊர் பஸ் இருக்காது. யாரோ ஒருவரின் சரக்கு வேனில் ஏறித் துவரங்குறிச்சி பைபாஸுக்கு வந்து, ரோட்டோரம் நின்று, மதுரையிலிருந்து வரும் பஸ்களைக் கைகாட்டி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே உட்கார இடமில்லை. விராலிமலை வரை படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே வந்ததாகச் சொன்னான்.

ஆட்டத்தில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அஸ்வின் 28 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்தார், பிறகு தானே தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 48 பந்தில் 83 அடித்தார். நம் கதை முடிந்தது. மறுநாள் மாலை பையன் கடைக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது. “நம்ம ஃபீல்டிங் செட்டிங்கைப் பார்த்தீங்களா சார்? அஸ்வின் ஸ்வீப் ஆடுறார்னு தெரியுது, ஸ்கொயர் லெக்கை உள்ளயே வெச்சிருக்காங்க. பக்கத்துல உட்கார்ந்திருந்த நத்தத்துக்காரன் சிரிக்கிறான்.” மருந்துக்கடைத் தம்பி சும்மா இல்லாமல், “அஸ்வின் அடிச்சா யார் என்ன பண்றது, அவர் டெஸ்ட்ல 537 விக்கெட் எடுத்த ஆளுடா” என்றார். பையனுக்கு முகம் மாறிவிட்டது. “அதுக்காக விட்டுர்றதாண்ணே?” என்று டம்ளரை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அந்தத் தொடரில் சாய் கிஷோர் தலைமையில் திருப்பூர் கோப்பையைத் தூக்கியதைப் பேசவும் அவன் இரண்டு நாள் வரவில்லை.

ஒரே ஓர் ஆட்டத்தை நேரில் பார்த்தவன் அவன். அந்த அணியில் எத்தனை பேர் திருச்சிக்காரர்கள் என்று அவன் எண்ணிப் பார்க்கவில்லை. சொந்த ஊர்க்காரன் ஆடினால்தான் அணி நம்முடையதாகும் என்று நான் பிடிவாதமாக இருந்த எண்ணத்தை இவன் கொஞ்சம் அசைத்துவிட்டான். அயர்லாந்து மாதிரி சம்பளமில்லாமல், ஏலமில்லாமல் ஆடு என்று இங்கே யாரையும் கேட்க முடியாது. ஆறேழு ஆட்டத்தில் கிடைக்கும் பணத்தில் ஒரு வீடு கடனிலிருந்து மீள்கிறது என்றால் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஆட்டத்தை ஊருக்குக் கொண்டுவரலாம். கண்ணெதிரே ஒரு கேட்ச் விட்டால் போதும், மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும்.

வருங்காலத்தைப் பற்றிப் பெஞ்சில் இப்போது பேச்சு இதுதான். யாரைத் தக்கவைக்க வேண்டும், கடைசி ஐந்து ஓவருக்கு அதிசயராஜ் டேவிட்சனுக்குத் துணை யார், ரஞ்சிக்கு வேகப்பந்து எங்கிருந்து வரும் என்று மூன்று பேருக்கும் தனித்தனிப் பட்டியல் இருக்கிறது. பெரியவர் தமிழ்நாட்டுக்கு மூன்றாவது கோப்பை வராமல் கண்ணை மூடமாட்டேன் என்கிறார். என் பட்டியல் சின்னது. கிராண்ட் சோழாஸ் என்று பெயர் வைத்தவர்கள் உறையூருக்குப் பக்கத்தில் வருஷத்துக்கு இரண்டு ஆட்டமாவது ஆடட்டும். ரஞ்சி லீக் ஆட்டம் ஒன்றை இங்கே கொடுக்கட்டும். கோவைக்கும் சேலத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் முடிந்தது திருச்சிக்கு ஏன் முடியாது? நான்கு நாளும் நுழைவு இலவசமாக இருக்கட்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து உட்கார வைக்கட்டும். முதல் நாள் காலை தமிழ்நாடு டாஸ் வென்றால் என்ன எடுக்க வேண்டும் என்பதில் எனக்கும் மருந்துக்கடைத் தம்பிக்கும் இப்போதே சண்டை. காவிரிக் கரை ஈரம், முதலில் பந்து போட வேண்டும் என்கிறார் அவர். நான் பேட்டிங்தான் எடுப்பேன்.